படகில் ஏற விடாமல் ஊருக்கு அனுப்பப்பட்டவர்

(மறைபரப்பு ஞாயிறு – வானொலி மறையுரை)



அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறைத் திருஅவை மறைபரப்பு ஞாயிறாகக் கொண்டாடுகிறது. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1926ஆம் ஆண்டில் இந்த நாளை ஏற்படுத்தினார். இந்த நாளுக்காக நம் பங்கு ஆலயங்களில் முன்கூட்டியே உறைகள் வழங்கப்படுகின்றன. திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தில் சிறு கடைகள் போடுகிறோம். வீட்டில் செய்த முறுக்கும் அதிரசமும், தோட்டத்து வாழைத்தாரும், சேவலும் ஏலத்துக்கு வருகின்றன. இப்படி உலகெங்கும் திரளும் காணிக்கை ஒரே பொது நிதியாகச் சேர்ந்து, வசதியற்ற மறைமாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. எங்கோ ஓர் ஊரில் வேதியர் ஒருவருக்குக் கிடைக்கும் சிறு உதவித்தொகையிலும், ஒரு சிற்றாலயத்தின் கூரையிலும் நாம் எடுத்த அந்த வாழைத்தாரின் விலை இருக்கிறது. இது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால், உறையை ஒட்டிப் பீடத்தில் சேர்த்ததும் நம்மில் பலருக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. இந்த ஆண்டுக்கான மறைபரப்புக் கடமை முடிந்தது என்ற நிம்மதி. மறைபரப்பு என்றால் அது குருக்களும் கன்னியரும் தொலைதூர நாட்டுக்கோ மலைக்கிராமத்துக்கோ சென்று செய்கிற வேலை. நமக்கோ குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. நம்மால் முடிந்தது காணிக்கையும் செபமும்தான் என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் சரிதானா என்பதை இன்று நற்செய்தியின் ஒளியில் சிந்திப்போம்.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் கெரசேனர் பகுதியில் வாழ்ந்த ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். அவர் தீய ஆவிகளால் பீடிக்கப்பட்டவர். கல்லறைகளே அவருக்கு வீடு. விலங்கும் சங்கிலியும் போட்டுக் கட்டினாலும் உடைத்துவிடுவார். இரவும் பகலும் கூச்சலிட்டுக்கொண்டு, தம் உடலைத் தாமே கற்களால் காயப்படுத்திக்கொண்டிருந்தவர். இயேசு அவரைக் குணமாக்குகிறார். ஊரார் வந்து பார்க்கும்போது அந்த மனிதர் ஆடை உடுத்தி, தெளிந்த அறிவோடு அமர்ந்திருக்கிறார். ஊராருக்கு அச்சம் வந்துவிடுகிறது. தங்கள் பகுதியை விட்டுப் போய்விடும்படி இயேசுவை வேண்டிக்கொள்கிறார்கள்.

இயேசு படகில் ஏறும் வேளையில் குணமான மனிதர் ஓடிவருகிறார். தாமும் கூடவே வர அனுமதி கேட்கிறார். நியாயமான விருப்பம்தான். தம்மைச் சங்கிலியால் கட்டிய ஊரில் அவருக்கு என்ன இருக்கிறது? இயேசுவோடு இருப்பதைவிடப் பெரிய பேறு எது? பேதுருவையும் யோவானையும் தம் பின்னே வரும்படி அழைத்த அதே ஆண்டவர், தாமாகவே வர விரும்பும் இந்த மனிதரை ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய், ஆண்டவர் உமக்கு இரக்கம் காட்டிச் செய்ததை எல்லாம் உம் உறவினரிடம் சொல்லும் என்று அனுப்பிவிடுகிறார்.

அன்புக்குரியவர்களே, இங்கே சற்று நிற்போம். இயேசு இவரை மறுக்கவில்லை. இவருக்கென்று ஓர் இடத்தைக் குறித்துக் கொடுக்கிறார். இயேசுவைப் போகச் சொன்ன ஊருக்குள் இயேசுவைப் பற்றிப் பேச இப்போது ஒருவர் இருக்கிறார். அவர் அங்கேயே பிறந்தவர். எல்லாருக்கும் தெரிந்தவர். அவருடைய பழைய கூச்சலைக் கேட்டவர்களே அவருடைய புதிய அமைதியையும் பார்க்கப் போகிறார்கள். அவர் போய்ப் பத்து நகர்ப் பகுதி முழுவதும் அறிவித்தார் என்றும், கேட்டவர்கள் வியப்புற்றார்கள் என்றும் மாற்கு எழுதி முடிக்கிறார். யூதர் அல்லாதார் நடுவே முதல் அறிவிப்பாளராக இயேசு அனுப்பியது, படகில் இடம் கிடைக்காத இந்த மனிதரைத்தான்.

படகில் ஏறிச் செல்லும் அழைப்பு சிலருக்கு உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு வந்திருப்பது வீட்டுக்குப் போகும் அழைப்பு. இரண்டுமே அனுப்பப்படுதல்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஏடு, திருஅவை தன் இயல்பிலேயே அனுப்பப்பட்டது என்று கற்பிக்கிறது. தந்தை மகனை அனுப்பினார். மகன் தூய ஆவியாரின் ஆற்றலோடு நம்மை அனுப்புகிறார். திருமுழுக்குத் தண்ணீர் நம் தலையில் விழுந்த நாளிலேயே இந்த அனுப்புதல் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு திருப்பலியின் முடிவிலும் நம்மை வழியனுப்பும் சொல்லில் அது புதுப்பிக்கப்படுகிறது. மேலைநாட்டு மொழிகளில் திருப்பலிக்கு வழங்கும் பெயரே, இலத்தீனில் அந்த வழியனுப்பும் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லைக் கேட்கும் முன்பே வண்டி நிறுத்திய இடத்துக்கு நாம் போய்விட்டால், எதற்காக அனுப்பப்பட்டோம் என்பதைக் கேளாமலே போய்விடுகிறோம்.

அன்றாட வாழ்வில் இது எப்படி நடக்கும்? நம் மண்ணிலேயே நடந்த ஒன்றை நினைத்துப் பார்ப்போம்.

1741ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய் என்ற படைத்தலைவர். அவர் கத்தோலிக்கர். மன்னர் அவருடைய திறமையைக் கண்டு தம் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். பின்னாளில் மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். அதே அரசில் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன் அலுவலராக இருந்தார். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அக்காலத்தில் நீலகண்டனின் குடும்பத்தில் இழப்பின் மேல் இழப்பு வந்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது. மாடுகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது. அவருடைய முகவாட்டத்தைக் கவனித்து டிலனாய் காரணம் கேட்டார். கேட்டபின் நீதிமான் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை இழக்காத ஒரு மனிதரின் கதை அது. அந்த உரையாடல் வளர்ந்தது. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்று இலாசர் ஆனார். அந்தப் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர்.

மறைசாட்சி தேவசகாயத்தைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அவரிடம் முதலில் பேசிய மனிதரைப் பற்றியும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம். டிலனாய் குரு அல்ல. மறைபரப்புக்காக யாரும் அவரை இங்கே அனுப்பவில்லை. துப்பாக்கியோடு வந்தவர், தோற்றுப்போய்க் கைதியானவர். அவர் புனிதராக அறிவிக்கப்படவும் இல்லை. உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. அங்கே போகிறவர்களில் பலர் அதை ஒரு பழைய வீரரின் நினைவிடமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர் செய்தது என்ன? கூட வேலை பார்த்த ஒருவரின் முகம் வாடியிருப்பதைக் கண்டார். ஏன் என்று கேட்டார். பதிலை முழுவதும் கேட்டார். தமக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னார். நண்பர் மேலும் அறிய விரும்பியபோது, கற்பிக்கக்கூடிய குருவிடம் அவரை அனுப்பி வைத்தார். ஒரு பொதுநிலையினர் வேலை செய்யும் இடத்தில் இவ்வளவையும் செய்யலாம். மற்றதைக் கடவுள் செய்தார்.

விவிலியத்திலும் இதைப் போன்ற ஓர் ஆள் உண்டு. அரசர்கள் இரண்டாம் நூலின் 5ஆம் அதிகாரத்தில், சிரியப் படைத்தலைவர் நாமானின் வீட்டில் வேலை செய்த இஸ்ரயேல் சிறுமி. கொள்ளைக்கூட்டத்தாரால் பிடித்துவரப்பட்டவள். அவளுடைய பெயரைக்கூட விவிலியம் சொல்லவில்லை. தன்னை அடிமையாக்கிய வீட்டின் தலைவருக்குத் தொழுநோய் என்று அறிந்தபோது, அவள் உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கலாம். அவளோ தன் தலைவியிடம், சமாரியாவில் இருக்கும் இறைவாக்கினரிடம் போனால் நம் தலைவர் குணமாவாரே என்று ஏக்கத்தோடு சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம். அதுவும் சமையலறைப் பக்கத்தில் சொன்னது. அந்த வாக்கியம் வீட்டைக் கடந்து, அரசனைக் கடந்து, யோர்தான் ஆறு வரை நாமானை அழைத்துச் சென்றது.

டிலனாயிடமும் அந்தச் சிறுமியிடமும் ஒரே அடையாளம் தெரிகிறது. முதலில் அவர்கள் பிறருடைய துன்பத்தைப் பார்த்தார்கள். பிறகுதான் பேசினார்கள். நம் மறைபரப்புக்கும் இதுவே வழி.

நாம் வாழும் இடங்களைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம். பக்கத்து வீட்டில் துக்கம் நடந்தால் முதல் நாள் எல்லாரும் போகிறோம். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த விதவைத் தாய் தனியாக இருக்கிறார். அப்போது போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க யார் இருக்கிறார்கள்? மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், நோயாளியின் காலடியில் தரையில் படுத்திருக்கும் உறவினரை ஒதுக்கித் தள்ளாமல், மருத்துவர் சொன்னதைப் புரியும்படி இன்னொரு முறை சொல்கிறார். கடைக்காரர் தராசை ஏமாற்றாமல் நிறுக்கிறார். கடன் சொல்லிப் போகும் ஏழையின் பெயரை நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்வதில்லை. ஆசிரியர், வகுப்பில் கடைசியாகப் படிக்கும் பிள்ளையின் பெயரையும் நினைவில் வைத்திருக்கிறார். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் கையில் போய்ச் சேருகிறது. இவை எல்லாம் நற்செய்தியின் எழுத்துகள். படிப்பறியாதவரும் இவற்றைப் படித்துவிடுவார்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டில் எழுதிய திருத்தூது மடலில் இதை அழகாக விளக்கினார். நம் வாழ்வைப் பார்க்கிறவர்கள் உள்ளத்தில் கேள்வி எழும்: இவர்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள்? இவர்களுக்கு இந்த ஆறுதல் எங்கிருந்து வருகிறது? அந்தக் கேள்விதான் நற்செய்தி அறிவிப்பின் தொடக்கம் என்றார் அவர். அதே மடலில், வாழ்வு மட்டும் போதாது, காலப்போக்கில் அந்த வாழ்வின் காரணத்தைச் சொல்லவும் வேண்டும் என்றும் சேர்த்தார். இந்த இரண்டாவது பகுதியை நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். நல்லவராக இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். யாராவது நேராகக் கேட்டால்கூட, சும்மா ஒரு உதவிதானே என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இயேசு எனக்கு இரக்கம் காட்டினார், அதனால்தான் என்று சொல்ல நாக்கு தயங்குகிறது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. பல சமயத்தார் கலந்து வாழும் நாட்டில் இருக்கிறோம். நம் விசுவாசத்தைப் பற்றி வாய் திறந்தால் மதம் மாற்ற வருகிறார் என்று தவறாக எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் இருக்கிறது. எனவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். சமய விடுதலை பற்றி 1965இல் வத்திக்கான் சங்கம் தந்த அறிக்கையின்படி, சமயக் காரியத்தில் எந்த மனிதரையும் வற்புறுத்தக் கூடாது. ஆசைகாட்டி அழைப்பதும் அச்சமூட்டி அழைப்பதும் நற்செய்தி ஆகாது. பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்துச் செய்யும் உதவி அன்பும் ஆகாது. பக்கத்து வீட்டு இந்துச் சகோதரரின் துக்கத்தில் நாம் போய் உட்காருவது அவர் நம் சகோதரர் என்பதற்காகவே. அதே வேளையில், நம் நம்பிக்கைக்கு விளக்கம் கேட்பவருக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருக்கவும், அதைப் பணிவோடும் மரியாதையோடும் சொல்லவும் பேதுரு தம் முதல் திருமுகத்தில் அறிவுறுத்துகிறார். அவர் எழுதியது, விசுவாசத்துக்காகத் துன்பப்பட்ட சிறுபான்மை மக்களுக்கு. பணிவும் மரியாதையும் உள்ள சொல்லுக்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சொல்லும் நமக்கும் அஞ்சத் தேவையில்லை.

உண்மையில் நம் சாட்சியத்துக்குப் பெரிய தடை வெளியே இல்லை. நம் நடுவிலேயே இருக்கிறது. கசப்பானாலும் இதைப் பேசியாக வேண்டும். அரசவையில் மதிப்பு மிகுந்த குலத்தில் பிறந்த தேவசகாயம், திருமுழுக்குக்குப் பின் தாழ்த்தப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். அது அவர் மேல் இருந்த பகைக்கு ஒரு காரணமாயிற்று. திருஅவை அவரைப் புனிதராக உயர்த்தியபோது சாதிப் பெயர் ஏதுமின்றித் தேவசகாயம் என்றே அழைத்தது. ஆனால், அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த ஆலயத்துக்குள் மக்களைச் சாதியாகப் பிரிக்கும் சுவர் நின்றது. 1910ஆம் ஆண்டில்தான் அது இடிக்கப்பட்டது. அந்தச் சுவர் போய் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, தேர் எந்தத் தெருவுக்குள் போகும் எந்தத் தெருவுக்குள் போகாது என்ற சண்டை, திருமணப் பேச்சில் முதல் கேள்வி, இவை இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம் ஒரே மண்ணில் அடக்கமாக மறுத்தால், எந்த வார்த்தையால் நற்செய்தி அறிவிப்போம்? பார்க்கிறவர் உள்ளத்தில் கேள்வி எழும்தான். ஆனால் அது வேறு கேள்வியாக இருக்கும். மறைபரப்பு ஞாயிறன்று உறையில் காணிக்கை போடுவதற்கு முன், நம் பங்கில் இப்படி ஒரு சுவர் எங்கே நிற்கிறது என்று அன்பியக் கூட்டத்தில் அமர்ந்து பேசினால், அதுவே பெரிய மறைபரப்பு.

வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களும் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்களே, நீண்ட நாள் நோயோடு போராடுகிறவர்களே, நம்மால் என்ன ஆகும் என்று எண்ணாதீர்கள். புனித குழந்தை தெரேசா பதினைந்தாம் வயதில் லிசியே நகரக் கார்மேல் மடத்துக்குள் நுழைந்தவர். அதை விட்டு வேறெங்கும் போய் மறைபரப்பு செய்யவில்லை. 1897இல் இருபத்து நான்காம் வயதில் காசநோயால் இறந்தார். நோய் முற்றிய நாள்களில் தோட்டத்தில் சிரமப்பட்டு நடந்தபோது, எங்கோ தொலைவில் களைத்துப்போயிருக்கும் ஒரு மறைபணியாளருக்காக அந்த நடையை ஒப்புக்கொடுத்தார். அவரைத்தான் 1927இல் திருத்தந்தை பதினோராம் பயஸ், புனித சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பின் பாதுகாவலராக அறிவித்தார். கடல் கடந்து நடந்த சவேரியாரும் மதிலுக்குள் நடந்த தெரேசாவும் ஒரே பணியின் பாதுகாவலர்கள். உங்கள் வலியும் உங்கள் செபமாலையும் யாரோ ஒருவருக்குப் பலமாகின்றன.

நம் சிறு காணிக்கையையும் குறைவாக எண்ண வேண்டாம். பிரான்சு நாட்டு லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் ஆலைத் தொழிலாளரிடம் வாரம் ஒரு சிறு காசும், நாள்தோறும் ஒரு செபமும் கேட்டார். பத்துப் பேர் ஒரு குழு; குழுவில் ஒவ்வொருவரும் வேறு பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். நம் தாய்மார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்களே, ஏறக்குறைய அப்படி. அதிலிருந்து 1822இல் விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்தது. இன்று நாம் தரும் உறை அந்தத் தொழிலாளரின் காசுக்கு வாரிசு. அவர்கள் காசோடு செபத்தையும், செபத்தோடு தங்களையும் கொடுத்தார்கள். 2022ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பவுலின் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

அன்புக்குரிய நேயர்களே, இந்த வாரத்துக்கு ஒரே ஒரு காரியத்தை நாம் எடுத்துக்கொள்வோம். நம் வீட்டில், தெருவில், வேலை செய்யும் இடத்தில் முகம் வாடியிருக்கும் ஒருவரைத் தேடிப் பார்ப்போம். நாம் பேசாமல் விட்டுவிட்ட சொந்தத் தம்பியாகவும் அவர் இருக்கலாம். அவரிடம் போய் என்ன ஆயிற்று என்று கேட்போம். அவசரப்படாமல் முழுவதும் கேட்போம். செய்ய முடிந்ததைச் செய்வோம். அவர் நம்மிடம் ஏன் என்று கேட்டால், ஆண்டவர் நமக்குக் காட்டிய இரக்கத்தை எளிய சொல்லில் கூறுவோம். கேட்காவிட்டால், இரவு செபத்தில் அவருடைய பெயரை ஆண்டவரிடம் சொல்வோம். கெரசேனர் பகுதி மனிதருக்கு இயேசு கொடுத்தது இதே வேலையைத்தான்.

மன்றாடுவோமாக: எங்களைத் தேடி வந்த ஆண்டவரே, எங்களை மீண்டும் எங்கள் வீட்டுக்கும் வேலைக்கும் அனுப்பும். பக்கத்தில் இருப்பவரின் துன்பத்தைக் காணும் கண்ணையும், அவர் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும், உம்மைப் பற்றிப் பணிவோடு பேசும் துணிவையும் தாரும். எங்கள் நடுவே நாங்கள் எழுப்பிய சுவர்களை நாங்களே இடிக்கும் அருளையும் தாரும். மறைசாட்சியான புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.